மேல் வரியில் ஒட்ட வேண்டிய சொல்

— ‘கண்டுபிடித்த’ன்னு இருக்குது பாரு ஜோசுவா, அத எடுத்துடு.

— எடுத்துட்டா அப்புறம் இன்னாண்ணே மிச்சம்? ‘புதிய கோளை’ன்னு அந்தரத்துல தொங்கும். கோளை இன்னா பண்ணுச்சு பாப்பான்னு படிக்கிறவன் கேக்கமாட்டான்? தின்னுச்சான்னு கேப்பான்.

— ஏம்பா, பொண்ணு செத்து வருஷம் திரும்பப் போவுது. நினைவு நாளுக்கு போர்டு குடுக்க வந்திருக்கிறோம். வாய அளந்து பேசு.

— மன்னிச்சிடுக்கா. என் வாய் அப்படி. குழலி பாப்பாவே சொல்லும், ‘ஜோசுவாண்ணே, உங்க வாய்க்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டி மூடணும்’னு. நீ ஃபேன் பக்கமா உக்காருக்கா. அண்ணே, நீங்களும் உக்காருங்க. போட்டோ போன வருஷம் பாப்பா இருக்கும்போது பாராட்டு போர்டுல போட்ட அதேதான?

— அதேதான். வெச்சிருக்கியா?

— குழலி பாப்பா போட்டோவ அழிப்பனா? செவிலிமேட்டுக்கு கடைய மாத்தினப்ப பாதி கல்யாண போர்டு எல்லாம் அழிஞ்சிச்சு. இது பத்திரமா இருக்குது. தோ பாருங்க.

— கொஞ்சம் சின்னதாக்கு. திடீர்னு அவ்ளோ பெருசா காட்டாதே.

— சரிண்ணே. மேல ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. அதுக்குக் கீழ ‘செல்வி ஏலவார்குழலி’. அதெல்லாம் பக்கா. அடுத்த வரியிலதான் இடிக்குது. போன வருஷம் நீங்கதானண்ணே எழுதிக்கினு வந்தீங்க? ‘புதிய கோளைக் கண்டுபிடித்த’ன்னு மேல் வரி, ‘சபாபதியின் செல்வமகள்’னு கீழ் வரி. எழுத்து பெருசா வேணும், பிள்ளையார்பாளையம் முனையில பஸ்ஸுல போறவனும் படிக்கணும்னு சொன்னீங்க.

— சொன்னேன். இப்ப எடுன்றேன்.

— ஏன்னு சொல்லுங்களேன்.

— அது இன்னும் உறுதி ஆவலியாம்.

— எது?

— கோளு. எம் பொண்ணு பாத்த கோளு. அவ கூட சேந்து கம்ப்யூட்டர்ல கோளு தேடின பொண்ணு ஒண்ணு, நதியான்னு பேரு, மெட்ராஸ்லருந்து போன வாரம் எங்களப் பாக்க வந்துச்சு. வீட்ல நாலஞ்சு பேர் இருந்தாங்க. நான் எப்பவும் போல ஆரம்பிச்சிட்டேன். எம் பொண்ணு கண்டுபுடிச்ச கோளு, இன்னும் கொஞ்ச நாள்ல அவ பேரயே வெச்சிடுவாங்கன்னு. அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினு காபிய ஆத்திக்கினே இருந்துச்சு. ஆத்துது, ஆத்துது, குடிக்கவே இல்ல. எல்லாரும் போனப்புறம்தான் சொல்லுச்சு, ‘அங்கிள், அது இன்னும் கேண்டிடேட்தான்’னு.

— கேண்டிடேட்டா? எந்த வார்டுல நிக்குது?

— உனக்கு சிரிப்பா இருக்குது.

— சத்தியமா இல்லண்ணே, எனக்குப் புரியல.

— எனக்கும் புரியல. வேட்பாளர்தான் அங்கிள்னு தமிழ்லயும் சொல்லுச்சு. அப்புறம்தான் வெளக்கிச்சு. அம்சா, நீ சொல்லு, நீதான் நல்லா கேட்டுக்கினு இருந்த.

— அந்தப் பொண்ணு சொல்லி ஒண்ணும் நான் கேக்கல. குழலியே எங்கிட்ட சொல்லியிருக்கிறா. கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கி வந்து, மூஞ்சி கழுவி, லேப்டாப்ப அடுப்பு மேடையில வெச்சிக்கினு உக்காருவா. நட்சத்திர வெளிச்சத்த கோடு கோடா போட்டு அனுப்புவாங்களாம், உலகம் பூரா இவள மாதிரி சும்மா பாக்கறவங்களுக்கு. வெளிச்சம் ஒரு எடத்துல துளி கொறையுதான்னு பாக்கணும். அப்புறம் அதே மாதிரி திரும்பத் திரும்ப கொறையுதான்னு பாக்கணும். கொறஞ்சா, எதுவோ குறுக்க போவுதுன்னு அர்த்தம்.

— எது போவுது?

— அதான் தெரியாது. கோளா இருக்கலாம். ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு மறைச்சிக்கினு சுத்தினாலும் அப்படித்தான் தெரியுமாம். மிஷின் கோளாறா கூட இருக்கலாமாம். பெரிய தொலைநோக்கியில வேற ஆளுங்க பாத்து சொல்ற வரைக்கும் அது வேட்பாளர்தான்.

— அட ஆண்டவரே. அப்ப நாம கவுன்ட்டிங் முடியறதுக்குள்ள எம்.எல்.ஏ.ன்னு போர்டு வெச்சிட்டோம்.

— ஆமா ஜோசுவா. மாலையும் போட்டு, பட்டாசும் வெடிச்சிட்டேன்.

— டெபாசிட் போற கேசாண்ணே?

— அதுவும் சொல்லமாட்டேன்றாங்க. அவ பாத்த நட்சத்திரம் ரொம்ப மங்கலாம். இதே மாதிரி ஆயிரக்கணக்குல வரிசையில நிக்குதாம். ஆவறதுக்கு வருஷக்கணக்கா ஆவலாம், ஆவாமயே பூடலாம். ஏகாம்பரநாதர் கோயில்ல குருக்கள்கிட்ட சொல்லியிருக்கிறேன். தறிக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லியிருக்கிறேன். நெசவாளர் சொசைட்டியில மைக்க புடிச்சி சொல்லியிருக்கிறேன். இப்ப அந்தத் தெருவுல நடந்தா, எவனாவது ‘கோளு எப்படி இருக்குது’ன்னு நல்ல மனசோட கேட்டாலும் எனக்கு வேட்டி அவுந்த மாதிரி இருக்குது.

— குழலி உங்ககிட்ட சொல்லவே இல்லியா?

— சொன்னா.

— சொன்னா இல்ல? அத நல்லா சத்தமா சொல்லுங்க.

— சொன்னா அம்சா. ‘இன்னும் உறுதி இல்லப்பா, போர்டெல்லாம் வேணாம்’னா. தன்னடக்கமா பேசறான்னு நெனச்சேன். படிச்ச புள்ள அப்படித்தான் பேசும்னு நெனச்சேன். போதுமா?

— சரி சரி, விடுங்க. வார்த்தையப் பாப்போம். ‘கண்டுபிடித்திருக்கக்கூடிய’ன்னு போடட்டுமா?

— போட்டுப் பாரு.

— இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் வருது. பாப்பா மூஞ்சிய ஓரமா தள்ளணும்.

— வேணாம்.

— ‘சந்தேகத்துக்குரிய கோள்’?

— இன்னாப்பா, எம் பொண்ணுக்குப் போடறியா, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டறியா?

— ‘கண்டதாகக் கருதப்படும்’?

— கோர்ட் நோட்டீசு மாதிரி இருக்குது.

— அண்ணே, சின்ன வார்த்த ஒண்ணு இருக்குது. அளவா உக்காரும். ‘ஒருவேளை’ன்னு முன்னாடி—

— ஜோசுவா! அந்த வார்த்தைய எம் முன்னாடி சொல்லாதே.

— இன்னாண்ணே, அப்படி இன்னா தப்பா சொல்லிட்டேன்?

— சொல்லாதேன்னா சொல்லாதே. வரி காலியா கெடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். கீழ பேருங்கள அடி. ‘இவண்’னு போட்டு, தந்தை சபாபதி, தாய் அம்சவேணி.

— அடிச்சிட்டேன். தம்பி, தங்கச்சி யாரும் இல்ல. அடுத்தது தாய்மாமன்.

— தாய்மாமன் வேணாம். பெரியப்பா வீட்டு ஆளுங்க பேர போடு.

— தாய்மாமன் குமரகுருன்னு போடுப்பா.

— அம்சா.

— போடுப்பா ஜோசுவா. இதுக்காகத்தான் இவருகூட பஸ் ஏறி வந்தேன். போர்டுல எந் தம்பி பேரு இல்லன்னா எம் பேரும் வேணாம். அழிச்சிடு.

— வழி பூரா சொன்னேன் இல்ல? கடையில வந்து மானத்த வாங்காதேன்னு சொன்னேன் இல்ல?

— மானமா? எம் பொண்ணு மேல தாய்மாமன் போத்தற கோடித் துணி கூட இல்லாம போனாளே, அன்னிக்கு எங்க இருந்துச்சு உங்க மானம்? அரக்குப் புடவைய நெஞ்சோட அணைச்சிக்கினு, வாசப்படி ஏற வந்தவன, ‘எறங்குடா’ன்னீங்க. வெயில்ல தெருவுலயே நின்னான். தூக்கிக்கினு போறப்ப ஓரமா ஒதுங்கி நின்னான். அந்தப் புடவை இன்னும் மடிப்பு கலையாம அவன் வீட்ல இருக்குது.

— அக்கா, அத நானும் பாத்தேன். அஞ்சலி போஸ்டர எடுத்துக்கினு அப்பதான் வந்தேன். ஏதோ சொத்துத் தகராறுன்னு நெனச்சேன்.

— சொத்தா? தறியில நூலோட நூல் முடிஞ்சி பாவு பிணைக்கறவன்கிட்ட இன்னா சொத்து? விரல்தான் அவன் சொத்து. தெருவுல இருக்கிற அத்தன தறிக்கும் அவன்தான் பாவு பிணைக்கிறான். எங்க தறிக்கு மட்டும் திருப்புட்குழியிலருந்து ஆள் வருது. எந் தம்பி எங்க வாசலத் தாண்டி பக்கத்து வீட்டுக்குப் போறான். செருப்பு சத்தத்த வெச்சே அவன்தான்னு எனக்குத் தெரியும். எழுந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடுக்க முடியல.

— அவன் பண்ணதச் சொல்லு முதல்ல.

— பண்ணான்னு யாரு பாத்தா?

— ஊரே பாத்துச்சு! ஜோசுவா, நீயே கேளுப்பா. வெக்கத்த விட்டு சொல்றேன். போன வருஷம் போர்டு கட்டின மறுநாள் சாயங்காலம். டீக்கடையில உக்காந்திருக்கிறேன். நாலு பேரு என்னப் பாத்து சிரிக்கிறானுங்க. ஒருத்தன் கேக்கறான், ‘இன்னா சபாபதி, பொண்ணு உன்னுதா, இல்ல ஒருவேளையா?’ன்னு.

— அய்யோ.

— எழுந்து முனைக்குப் போனேன். போர்டுல எவனோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். ‘சபாபதியின் செல்வமகள்’னு இருக்குதில்ல, அதுக்கு முன்னாடி, ‘ஒருவேளை’ன்னு. ‘ஒருவேளை சபாபதியின் செல்வமகள்.’ படிச்சியா? எம் பொண்ணு எனக்குப் பொறந்தவளான்னு ஊர் நடுவுல எழுதி வெச்சிருக்கிறான். அங்கயே கிழிச்சேன். பல்லால கயித்த கடிச்சி கிழிச்சேன்.

— அத... அத குமரகுரு அண்ணன்தான் ஒட்டினாருன்னு—

— வேற யாரு வாயில வருது அந்த வார்த்தை? சோறு போடவான்னு கேட்டா ‘ஒருவேளை பசிச்சா சாப்பிடறேன்’ன்றவன். மழ பெஞ்சிக்கினு இருக்கும்போதே ‘ஒருவேளை மழ வந்தா’ன்றவன். போர்டு கட்டினப்ப பக்கத்துல நின்னுக்கினு, ‘மாமா, ஒருவேளை அது கோளே இல்லன்னா?’ன்னு கேட்டவன் அவன்தான். கேட்டான் இல்ல அம்சா?

— கேட்டான். கேட்டது சரியாத்தான போச்சு? இந்த ஊருக்கு அந்தக் கோளு தெரியாது, கோள் மூட்டத்தான் தெரியும். ‘உம் மச்சான் வார்த்தைதான இது’ன்னு எவனோ டீக்கடையில மூட்டிவிட்டான், நீங்க கெளம்பி போயி அவன் சட்டையப் புடிச்சிட்டீங்க. ஏங்க, அந்த வார்த்தை உங்கள மட்டுமா அசிங்கப்படுத்துச்சு? என்னையும்தான? கூடப் பொறந்தவன் எவனாவது அக்காள நடுத்தெருவுல அப்படி எழுதி வெப்பானா?

— குடிச்சிருப்பான்.

— அவன் டீயே குடிக்கமாட்டான்.

— சரி, ஒரு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நாலு பேரு காதுல விழற மாதிரி, ‘நான்தான் ஒட்டினேன், தப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே வீட்டுக்குள்ள சேத்துக்கறேன். சொல்றானா?

— பண்ணாதத எப்படி சொல்லுவான்? நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். சும்மாவாச்சும் சொல்லிடுடா, புள்ள படத்தையாவது வந்து பாருடான்னு. ‘பொய் சொல்லிட்டு பாப்பா முன்னாடி வந்து நிக்கமாட்டேங்கா’ன்றான். எங்கயோ வானத்துல சுத்தற ஒண்ணு. அது உண்மையா இல்லையான்னு சொல்ல, அவ்ளோ படிச்சவங்க வருஷக்கணக்கா யோசிக்கிறாங்களாம். எந் தம்பிக்கு நீங்க ஒரு டீ ஆறற நேரம் குடுத்தீங்களா?

— அண்ணே.

— நீ அடிப்பா, பெரியப்பா வீட்டு பேருங்க.

— அண்ணே, அத ஒட்டினது குமரகுரு அண்ணன் இல்ல.

— உனக்கு இன்னா தெரியும்?

— அந்த ஸ்டிக்கர் இந்த மிஷின்லதான் வந்துச்சு. நான்தான் போட்டேன்.

— இன்னா சொல்ற?

— அதே எழுத்து, அதே மஞ்சள் கலர், கவனிச்சீங்களா? வேற எந்தக் கடையிலயும் அப்படி ஒத்து வராதுண்ணே. உங்க போர்டு ஃபைல்லருந்தே எடுத்துப் போட்டது.

— யாரு வந்து கேட்டா? குமரகுருதான வந்து கேட்டான்? சொல்லு.

— குழலி பாப்பா.

— யாரு?

— பாப்பாதாண்ணே. போர்டு கட்டின அன்னிக்கு சாயங்காலமே வந்துச்சு. ‘அண்ணே, தப்பா போட்டுட்டீங்க, இன்னும் உறுதி ஆவல, நான் வேல பாக்கற குரூப்புல யாராவது போட்டோ பாத்தா நான் செத்தேன்’னுச்சு. கழட்டிடட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம், அப்பா மூஞ்சில அவ்ளோ சந்தோஷம் பாத்ததே இல்ல. ஒரே ஒரு வார்த்தை சேத்துடுங்க. முதல்லயே அச்சடிச்ச மாதிரி இருக்கணும், அப்பாவுக்கு வெக்கமா பூடக்கூடாது’ன்னுச்சு.

— அவளா அந்த வார்த்தைய சொன்னா?

— ‘எங்க மாமா வார்த்தை ஒண்ணு இருக்குது, அதப் போடுங்க, அப்பா பாத்தா சிரிச்சிடுவாரு’ன்னு சொல்லி அதுவே சிரிச்சுதுக்கா. மேல் வரியில, ‘புதிய கோளை’க்கு முன்னாடி ஒட்டணும். ‘ஒருவேளை புதிய கோளைக் கண்டுபிடித்த.’ அதான் பேச்சு.

— அப்புறம் எப்படிப்பா கீழ் வரிக்கு வந்துச்சு? எப்படி வந்துச்சு?

— எங்கிட்ட ஒட்டற வேலைக்கு இருந்தவரு பீகார்க்காரரு. அவருக்கு தமிழ் எழுத்து தெரியாது. விடியறதுக்குள்ள போயி ஒட்டிட்டு வாங்கன்னு அனுப்பினேன். மேல் வரிக்கு கை எட்டல போல, எட்டின வரியில ஒட்டிட்டாரு. தப்பு அவருமேல இல்லண்ணே. எந்த வரின்னு நான் காட்டி அனுப்பல. ஒட்டின போட்டோவ போன்ல அனுப்பியிருந்தாரு. வேல மும்முரத்துல நான் அத சாயங்காலம்தான் பாத்தேன். பாத்ததும் கடைய அப்படியே போட்டுட்டு கெளம்பினேன். வண்டிய எடுத்துக்கினு வந்தா, அதுக்குள்ள நீங்க கிழிச்சிட்டீங்க. முனையில வெறும் கம்புதான் நிக்குது.

— அப்பவே சொல்லியிருக்கலாமே ஜோசுவா.

— பாப்பாகிட்ட சொல்லி, பாப்பாவ வெச்சி உங்ககிட்ட பேசலாம்னு இருந்தேங்கா. மறுநாள் போன் போட்டா காய்ச்சல்னுச்சு, குரலே இல்ல. டெங்குன்னாங்க. அந்த வாரத்துலயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. பொணம் கெடக்கிற வீட்ல வந்து எப்படி சொல்லுவேன், எங்கடை ஸ்டிக்கர்தான் உங்கள அசிங்கப்படுத்துச்சுன்னு? கூசிச்சு. வாய மூடிக்கினு இருந்துட்டேன். இதுக்காகத்தான் அந்த அண்ணன திருப்பி அனுப்பினீங்கன்னு எனக்கு சத்தியமா தெரியாது. இப்ப, இந்த நிமிஷம்தான் தெரியும்.

— அப்ப அவ அத பாக்கவே இல்ல?

— இல்லண்ணே. கருக்கல்லயே கம்பெனி பஸ்ஸு. அது அந்த முனை வழியா போவாது. வரும்போது காய்ச்சலோட வந்துடுச்சு.

— ஆஸ்பத்திரியில கேட்டா அம்சா. ‘அப்பா, அந்த போர்டப் பாத்தியா?’ன்னு கேட்டா.

— எனக்கு சொல்லவே இல்லியே நீங்க.

— கேட்டுட்டு லேசா சிரிச்சா. பாத்தேன்மா, கிழிச்சிட்டேன், ஒட்டினவன சும்மா விடமாட்டேன், நீ தூங்குன்னேன். அவ சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. காய்ச்சல்ல முடியாம முகம் மாறுதுன்னு நெனச்சேன். ஏதோ சொல்ல வந்தா. பேசாதே, தூங்குன்னு நான் போர்வைய இழுத்து விட்டேன்.

— அய்யோ, குழலி.

— மேல் வரியில இருந்திருந்தா சிரிச்சிருப்பேன் ஜோசுவா. நெஜமா சிரிச்சிருப்பேன். அந்த மச்சான கூப்பிட்டு காட்டியிருப்பேன்.

— தண்ணி குடிங்கண்ணே. அக்கா, நீயும் குடி.

— தண்ணி வேணாம். அவனுக்கு போன் போடு அம்சா.

— நீங்க போடுங்க. நீங்கதான போடணும்?

— எங்கிட்ட நம்பர் இல்ல. அன்னிக்கே அழிச்சிட்டேன்.

— இன்னா பேசப் போறீங்க?

— தெரியல. முதல்ல அவன் எடுக்கட்டும்.

— ரிங் போவுது.

— ஸ்பீக்கர்ல போட்டு மேசமேல வை. எங்கையில குடுக்காதே.

— அக்கா? சொல்லுக்கா. இன்னிக்கு போர்டு குடுக்கப் போறேன்னியே, குடுத்தாச்சா?

— கடையிலதான் இருக்கிறோம் குமரு. மாமாவும் இருக்கிறாரு.

— மாமா இருக்கிறாரா? பக்கத்துலயா?

— பக்கத்துலதான். அவரு உங்கிட்ட—

— கொஞ்சம் இரு அக்கா. வேற யாராச்சும் இருக்கிறாங்களா அங்க?

— ஜோசுவா இருக்கிறாரு. ஏண்டா?

— நல்லதாப் போச்சு. வெளியாளு ஒருத்தராச்சும் கேக்கணும் இல்ல. அவரையும் கிட்ட வந்து கேக்கச் சொல்லு.

— குமரு, நீ முதல்ல மாமா சொல்றத கேளு. இங்க—

— குறுக்க பேசாதக்கா. ரொம்ப நாளா மனசத் தேத்தி இப்பதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், இப்ப விட்டா அப்புறம் வாய் வராது. மாமா, கேக்கறீங்களா?

— குமரகுரு... நான் சபாபதி...

— நான்தான் ஒட்டினேன் மாமா. தப்புதான், ஒத்துக்கறேன். இப்பவாச்சும் பாப்பா படத்துக்கு ஒரு பூ போட வரலாமா?